'அப்சைட் டவுன்': நடுவில் 'சைட்' ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில் 'அப்சைட் டவுன்' என்ற ஆங்கிலத் தொடரைப் பிரித்து, 'மேல் பக்கம் கீழே வந்துவிட்டது, அதாவது தலைகீழ்' என்று விளக்கியிருந்தீர்கள். பொருள் சரி. ஆனால் அந்தத் தொடர் பிறந்த விதம் வேறு.

நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "அப் இருக்கு, டவுன் இருக்கு, நடுவுல சைட் எதுக்கு மிஸ்?" என்று கேட்டாள். உங்கள் விளக்கத்தைத்தான் நானும் அன்று கரும்பலகையில் எழுதினேன். அவள் முகம் தெளியவில்லை. அவள் சந்தேகப்பட்டது நியாயம் என்று பிறகுதான் தெரிந்தது.

14ஆம் நூற்றாண்டில் இதில் 'சைட்' கிடையாது. 'அப் ஸோ டவுன்' என்றே வழங்கியது. அங்கே 'ஸோ'வுக்குப் 'போல' என்ற பொருள் இருக்கலாம் என்பார்கள். மேலிருப்பது கீழிருப்பது போல. நாளாக ஆக அந்த 'ஸோ' யாருக்கும் புரியாமல் போயிற்று. புரியாத சொல்லை வாய் சும்மா விடுமா? 16ஆம் நூற்றாண்டில் 'அப்செட் டவுன்', 'அப்சைட் டவுன்' என்றெல்லாம் மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். பின்னது நிலைத்துவிட்டது.

பழைய வடிவத்தை விக்ளிஃப் என்ற ஆங்கிலேய சமய அறிஞரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1380களில் செய்த ஆங்கில பைபிளில் பார்க்கலாம். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் வருகிறாள் அல்லவா? நம் தமிழ் வேதாகமத்தில் அவள் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். விக்ளிஃப் பைபிளிலோ வீட்டையே 'அப்ஸோடவுன்' ஆக்கிவிடுகிறாள்! அவர்கள் லத்தீனிலிருந்து மொழிபெயர்த்தவர்கள். லத்தீனில் 'எவெர்ரித்' என்றால் பெருக்குகிறாள், 'எவெர்தித்' என்றால் கவிழ்க்கிறாள். படியெடுத்தவர் கையில் ஓர் எழுத்து மாறியதில் துடைப்பம் போய்விட்டது. 1526இல் டின்டேல் என்ற இன்னொரு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கிரேக்க மூலத்தைப் பார்த்து மொழிபெயர்த்தபோது அவளை மறுபடி பெருக்க வைத்தார்.

பிழைதான், ஆனாலும் அந்த வரிமேல் எனக்குப் பிரியம் அதிகம். என் மூக்குத்தித் திருகாணி தொலைந்த அன்று நான் பெருக்கியதோடு நிறுத்தவில்லை. பாயை உதறி, அரிசி டின்னை முறத்தில் கொட்டி, வீட்டையே புரட்டிப் போட்டேன். அப்புறம் தலையணை உறைக்குள் கிடைத்தது. காசைத் தொலைத்தவளும் அப்படித்தான் தேடியிருப்பாள் என்று தோன்றுகிறது.

அடுத்த இதழில் இந்த 'ஸோ'வுக்கு நான்கு வரி ஒதுக்குங்கள். என்னிடம் கேட்ட கேள்வியை இன்னும் எத்தனையோ பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்