தொடும் முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூச்சுப் பயிற்சி, உடல்வழிச் சிகிச்சை என்று மன அதிர்ச்சிக்கு மாற்று முறைகளைக் கையாள்பவர்கள், மருத்துவத் தகுதி இல்லாமல் நோய்க்குப் பெயர் சூட்டுவதும் மருந்தை நிறுத்தச் சொல்வதும் எல்லை மீறல். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் தரப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் பொறுப்பு.

வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து வாயைச் சுற்றி மரத்துப்போகும், விரல்கள் இழுத்துக்கொள்ளும். 'அடக்கிய வலி வெளியேறுகிறது' என்று இதற்கு விளக்கம் சொல்வது ஆபத்து. மூச்சுப் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். வலிப்பு, இதயநோய், கர்ப்பம் உண்டா என்று தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

தொடுவதற்கு ஒவ்வொரு முறையும் சம்மதம் தேவை. முதல் நாள் வாங்கிய கையெழுத்து போதாது. பயத்தில் உறைந்துபோனவரின் மௌனம் சம்மதம் ஆகாது. தற்கொலை எண்ணம் தெரிந்தால் அடுத்த அமர்வுவரை பொறுக்காமல், தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.