எழுத்து ஏன் சாய்ந்தது? வரைகலை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிராஃபிக் டிசைன் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அவான் கார்ட் டைப்போகிராபி (இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய மரபை உடைத்த கலைஞர்களின் எழுத்து வடிவமைப்பு) என்றதும் வகுப்பில் நாலு ஸ்லைடு வரும். சாய்ந்த எழுத்து, சிவப்புப் பட்டை, கருப்பு வட்டம். அடுத்த வாரமே மாணவர்கள் தங்கள் போஸ்டரிலும் எழுத்தைச் சாய்த்துக் கொண்டுவருவார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். எழுத்து ஏன் சாய்ந்தது என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ரஷ்ய வடிவமைப்பாளர் எல் லிஸிட்ஸ்கி 1923-இல் ரஷ்யக் கவிஞர் மயாகோவ்ஸ்கியின் கவிதைகளுக்காக வடிவமைத்த ‘குரலுக்காக’ புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமாக வாசிப்பதற்கான 13 கவிதைகள். வாசிக்கிறவர் பக்கம் தேடிக்கொண்டு நிற்கக் கூடாதே என்று, டெலிபோன் டைரியில் இருக்குமே அதுபோல, வலது ஓரத்தைப் படிப்படியாக வெட்டி ஒவ்வொரு படியிலும் அந்தக் கவிதைக்கான அடையாளத்தை அச்சிட்டார். கட்டைவிரலை வைத்தால் போதும், கவிதை வந்துவிடும். உள்ளே இருக்கும் உருவங்களும் பெரும்பாலும் தூரிகையால் வரைந்தவை அல்ல. அச்சகத்தில் கிடக்கும் எழுத்துகளையும் கோடுகளையும் பட்டைகளையும் அடுக்கி, கருப்பிலும் சிவப்பிலும் எழுப்பியவை. இன்று ஆப்களின் அடியில் வரிசையாக நிற்கும் ஐகான்கள் செய்வதும் அந்தக் கட்டைவிரல் படிகளின் வேலைதான். இதைச் சொல்லாமல் சிவப்பை மட்டும் காட்டினால் என்ன பயன்?

இத்தாலியக் கவிஞர் மாரினெட்டி 1914-இல் பீரங்கிச் சத்தத்தை எழுத்தின் அளவாலேயே கேட்க வைத்தார் (அவர் போரைக் கொண்டாடியவர், அதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம்). பேசும்போது பெரிய எழுத்து (A), சின்ன எழுத்து (a) என்று இரண்டு ஒலி இல்லையே, அப்புறம் பக்கத்தில் மட்டும் எதற்கு இரண்டு என்று 1925-இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஹெர்பர்ட் பேயர் கேட்டார். எல்லாவற்றையும் பக்கத்தின் நடுவில் அடுக்கும் பழைய முறையை 1928-இல் கடுமையாக மறுத்த ஜெர்மன் அச்சு வடிவமைப்பாளர் யான் ஷிகோல்ட், 1940களில் பிரிட்டனின் பெங்குயின் பதிப்பகப் புத்தகங்களுக்கு வேலை பார்த்தபோது அதே முறையைத்தான் கையாண்டார். ஏன் திரும்பினார் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை போடலாமே!

நான் கேட்பது ஒரே ஒரு பயிற்சி. சத்தமாக வாசிக்க வேண்டிய இருபது வரிகளைக் கொடுங்கள். ஒரு எழுத்துரு, இரண்டு நிறம், கோடும் பட்டையும் மட்டும், படம் கிடையாது. முடித்ததும் அதைச் செய்தவர் பேசாமல் உட்காரட்டும், இன்னொரு மாணவர் முதல் தடவையாகப் பார்த்து வாசிக்கட்டும். அந்தக் குரல் எங்கே ஏறியது, எங்கே தடுக்கியது என்று காதால் கேட்டு மதிப்பெண் போடுங்கள்.