தாங்கிக்கொள்ளப் பயிற்சி அளித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோட்டல், உணவகத் தொழிலில் ஊழியர்களுக்கு மீள்திறன் பயிற்சி, அதாவது நெருக்கடியைத் தாங்கி மீண்டு வரக் கற்றுத்தரும் பயிற்சி, அளிக்கும் வழக்கம் பரவி வருகிறது. மூச்சுப் பயிற்சி, மன அழுத்தத்தைக் கையாளும் வழிகள் என்று அரை நாள் வகுப்பு நடக்கிறது; அது முடிந்து சமையலறைக்குத் திரும்பும் இளைஞரை அதே தலைமைச் சமையலர் அதே வசைச்சொல்லால் அழைக்கிறார்.

இத்தொழிலில் துன்புறுத்தல் பெரும்பாலும் டூட்டி சார்ட் (யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியல்) வழியாகவே நடக்கிறது. மேற்பார்வையாளருக்குப் பிடிக்காதவருக்கு இரவு ஷிப்டு முடிந்த சில மணி நேரத்தில் காலை ஷிப்டு விழும். வார விடுமுறை கடைசி நேரத்தில் ரத்தாகும். டிப்ஸ் அதிகம் கிடைக்கும் மேசைகள் அவர் பக்கமே வராது. ஒவ்வொன்றுக்கும் ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லிவிட முடியும் என்பதால், புகார் கொடுப்பவர்தான் சிறு விஷயத்தைப் பெரிதாக்குபவராகத் தெரிவார். சமையலறைக்குள் எல்லார் முன்னிலையிலும் திட்டு வாங்கிய பணியாளர், அடுத்த நிமிடமே தட்டை ஏந்திச் சிரித்த முகத்துடன் விருந்தினர் முன் நிற்க வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹெய்ன்ஸ் லேமன், வாரம் ஒரு முறையாவது நிகழ்ந்து, குறைந்தது 6 மாதம் நீடிக்கும் பகைமைச் செயல்களையே பணியிடத் துன்புறுத்தல் என வரையறுத்தார். ஆட்கள் அடிக்கடி மாறும் இத்தொழிலில் பலர் அதற்கு முன்பே வேலையை விட்டுவிடுவதால், அவர்கள் பட்டது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இந்த நிலையில், ஒரே ஒரு முறை நடந்தாலும் அது துன்புறுத்தல்தான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-இல் ஏற்றுக்கொண்டது பெரிய ஆறுதல். அதனுடன் வந்த 206-ஆம் பரிந்துரை, ஆபத்து அதிகமுள்ள துறைகளுள் விருந்தோம்பலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதோடு, வாடிக்கையாளர்களால் நேரும் துன்புறுத்தலையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது.

மீள்திறன் தேவைதான். ஆனால் போதிய உறக்கமும், துணை நிற்கும் சக ஊழியர்களும், நியாயமான மேலாளரும் இருந்தால்தான் அது நிலைக்கும். துன்புறுத்தல் முதலில் பறிப்பது இவற்றைத்தான்.

ஆகவே, டூட்டி சார்ட்டில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் காரணத்துடன் பதிவு செய்து, அந்தப் பிரிவைச் சாராத ஒருவர் மாதந்தோறும் பார்வையிட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த மேற்பார்வையாளர் மீது புகாரோ, அவர் வழியாகவே அதை அனுப்பச் சொல்லும் முறை ஒழிய வேண்டும். வேலையை விட்டுச் செல்பவர்களிடம் உண்மைக் காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்வதும் அவசியம். அதுவும் நிலுவைச் சம்பளம் முழுவதும் கைக்கு வந்த பிறகே கேட்க வேண்டும், அதற்கு முன்பு கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஹோட்டல் ஊழியர் ஒருவர்