அந்த குரூப் டூர் வேண்டாம், செல்வி

அன்பு மகள் செல்விக்கு,

நான் நலம். நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்காக நீ பார்த்து வைத்திருக்கும் அந்த குரூப் டூர் வேண்டாம் கண்ணு. கோபித்துக்கொள்ளாதே. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே தனியாகப் போய் வந்தேனே, அதை முழுசாகச் சொல்கிறேன். படித்தால் ஏன் என்று உனக்கே புரியும்.

முதலில் நீ பயந்த விஷயம். தனியாளுக்கு ரூம் கிடைக்குமா என்று கேட்டாய். திருச்செந்தூரில் நான் முதலில் போய்க் கேட்ட லாட்ஜில், "கூட யாரும் வரலையாம்மா? சிங்கிளுக்குக் கொடுக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவள், ஆதார் அட்டையோடு சாமி கும்பிட வந்தவளுக்கே ரூம் இல்லை என்றால், வேலைக்குப் போகும் இளம்பெண் ஒருத்தி தனியாக வந்தால் எங்கே தங்குவாள்? இந்த வழக்கம் மாறத்தான் வேண்டும். அடுத்த தெருவில் ஒரு சின்ன லாட்ஜில் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார்கள். அங்கே பயமில்லாமல் தூங்கினேன்.

விடியற்காலையில் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு நாழிக்கிணற்றுக்குப் போனேன். சின்ன வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கியிருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்காது. பெரிய கிணற்றுக்குள் ஓர் அடி சதுரத்தில் இன்னொரு கிணறு. கூப்பிடு தூரத்தில் கடல், இங்கே உப்புக் கரிக்காத தண்ணீர். வீரர்களின் தாகம் தீர முருகன் வேலால் குத்தி எடுத்த ஊற்று என்பார்கள். அதை நான் நம்புகிறேன். இத்தனை வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். மணலில் இறங்கும் மழைத்தண்ணீர், கடல் தண்ணீரைவிட எடை குறைந்தது. அதனால் அடியில் இருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே தனியாக மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறி மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். இந்தக் கடற்கரை ஊர்களில் பல கிணறுகள் அப்படித்தான் உப்பேறிக் கிடக்கின்றன. கூட்டத்தோடு வந்திருந்தால் அந்தக் கிணற்றங்கரையில் அவ்வளவு நேரம் நின்றிருக்கவே முடியாது. சண்முகருக்கு அர்ச்சனை செய்து, பன்னீர் இலை விபூதி வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பூசிவிடு.

அப்புறம் ஆட்டோ பிடித்து மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனேன். வழியெல்லாம் செக்கச்செவேல் என்று தேரி மணல். மணலில் இருக்கும் இரும்புதான் துருவாகி அந்த நிறத்தைக் கொடுக்கிறது. இப்படிக் காய்கிற செம்மணல் காட்டுக்கு நடுவில் ஒரு சுனை, சுற்றிலும் மர நிழல். நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு இங்கே வந்ததால்தானோ என்னவோ, அந்தச் சுனையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கன்னியாகுமரி பஸ்ஸில் ஏறினேன். குலசேகரன்பட்டினம் தாண்டும்போது கண்டக்டர் தம்பி, ராக்கெட் தளம் வரும் பக்கத்தைக் கை காட்டினார். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்களே, அதுதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே போகாமல் ராக்கெட்டை வளைத்து ஓட்ட வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராகத் தெற்கே விடலாம். உன் பெரியவனிடம் சொல், குதிப்பான்.

மணப்பாடு விலக்கில் இறங்கினேன். அங்கே ரோட்டோரம் ஒரு பெரியவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். பச்சைப் பனையோலையை விரித்து, இரண்டு பக்கமும் மடக்கி, நுனியை ஓலை நாராலேயே ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தார். கண் மூடித் திறப்பதற்குள் கையில் பட்டை தயார். நுங்கை விரலால் நோண்டிப் போட்டுப் பதநீரை ஊற்றினார். இரண்டு கையாலும் ஏந்தி ஓரத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். பச்சை ஓலை வாசமும், கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் லேசான வாடையும் சேர்ந்து வந்தது. அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். காலையும் மாலையும் மரம் ஏறுகிறவராம். "பையன் ஏற மாட்டேங்கிறான், என்னோட சரி" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இன்னொரு பட்டை வாங்கிக் குடித்தேன்.

மணப்பாட்டில்தான் நான் நாளெல்லாம் இருந்தேன். ஊரை ஒட்டி ஒரு மணல் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். குன்றுக்குத் தெற்கே அலை ஆளையே தூக்கி எறியும் போல வருகிறது. வடக்கே வந்தால் குன்று மறைத்துக்கொள்வதால் தண்ணீர் அடங்கிக் கிடக்கிறது, படகுகளை அங்கேதான் நிறுத்தியிருக்கிறார்கள். கருமேனியாறு கடலில் சேர்வதும் அங்கேதான். 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை, குன்றின் கடலைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு! அங்கே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா எனக்கு மொண்டு கொடுத்தார். குடித்தேன், உப்பே இல்லை. முருகனுக்கு ஒன்று, அய்யனாருக்கு ஒன்று, சவேரியாருக்கு ஒன்று. நான் யாரிடமும் பேசாமல் அந்தக் குகை வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கப்பா போனபிறகு நான் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான் செல்வி.

அடுத்த நாள் உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயில். நேர்ச்சைக்காகக் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டுகிறார்கள். ஒரு சின்னப் பெண் சுமந்து வந்தபோது பெட்டியைக் கொஞ்சம் பிடித்துவிட்டேன். அந்தோணியார் கோயிலையும், கப்பல் வடிவத்தில் கட்டியிருக்கும் மாதா கோயிலையும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். கூடங்குளத்துக்கு அப்புறம் காற்றாலைகள்தான். கன்னியாகுமரியில் வழக்கம்போலக் கூட்டம். கண்ணாடிப் பாலத்துக்கு வரிசை நீளமாக இருந்ததால் படகில் ஏறவில்லை. அம்மனைக் கும்பிட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் மதுரை வந்துவிட்டேன்.

நீ சொல்லும் டூரில் ஏசி பஸ், மூன்று வேளை சாப்பாடு, கூடவே கைடு, எல்லாம் இருக்கிறது. உன் அக்கறை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதில் மணப்பாட்டுக்கு இருபது நிமிஷம் கொடுப்பார்கள். உங்கப்பா இருந்தவரை அவருக்குப் பிடித்த இடத்துக்குப் போனோம், பிறகு உங்களுக்கு லீவு கிடைத்த நாளில் போனோம். அதெல்லாம் சந்தோஷம்தான், ஒரு குறையும் சொல்லவில்லை. இப்போது எனக்கு எங்கே நிற்கத் தோன்றுகிறதோ அங்கே நிற்க ஆசையாக இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்விட வேண்டும்.

தினமும் காலையிலும் லாட்ஜுக்குத் திரும்பியதும் உனக்கு மெசேஜ் போட்டேன், இனியும் போடுவேன். இருட்டுவதற்குள் ரூமுக்கு வந்துவிடுவேன். பிரஷர் மாத்திரை கைப்பையில்தான் இருக்கும். அடுத்ததாக மழைக்காலம் முடிந்ததும் கீழக்கரை வழியாகத் தனுஷ்கோடி வரை போகலாம் என்றிருக்கிறேன். உனக்கு லீவு கிடைத்தால் வா, சேர்ந்து போகலாம். கிடைக்காவிட்டால் நான் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

உடன்குடி சில்லுக் கருப்பட்டி கூரியரில் அனுப்பியிருக்கிறேன், ஈரம் படாமல் டப்பாவில் போட்டு வை. டூர்காரர்கள் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு கெடு வைத்திருப்பார்கள். அதற்குள் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா