ஊசியையும் திரும்ப வாங்குங்கள்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் பையன்கள் போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்வது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி விளக்கப் போவதில்லை.

போன மாதம் என் அண்ணி கொழுந்து பறிக்கும்போது, செடிக்குள் கிடந்த ஊசி விரலில் குத்திவிட்டது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். முதலில் போன ஆஸ்பத்திரியில் அது இல்லை. மறுநாள் விடிகாலையில் நடுவட்டம் ஏறி ஊட்டிக்குப் போனோம். பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. போன கூலியை யார் தருவார்? அங்கே வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஊசி போடுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். அண்ணி தலையைத் தூக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அப்படியெல்லாம் பரவாது என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

வீசிய பையன் யாரென்று லைனுக்கே தெரியும். அவனும் எங்கள் பிள்ளைதான். ஊசியோடு பிடிபட்டால் ஸ்டேஷன் என்ற பயத்தில் செடிக்குள் எறிகிறான். புது ஊசிக்கு வழியில்லாமல் மூன்று பேர் ஒன்றிலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

2022இல் உயர்நீதிமன்றம் சொல்லி, காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று நம் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. யானையின் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்று செய்த நல்ல காரியம் அது. கொழுந்து பறிக்கிற கைக்கும் அதே அக்கறையைக் கேட்கிறேன். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிது கொடுங்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது ஏற்கெனவே உண்டு. போதை ஊசிக்குப் பதிலாக, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின் என்ற சிகிச்சை மாத்திரையும் உண்டு. ஆனால் அதைப் பெரும்பாலும் தினமும் நேரில் போய் வாங்க வேண்டும். தினக்கூலிக்காரன் தினமும் மலை ஏறி இறங்கினால் அடுப்பு எரியுமா?

வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து போதைக்கு எதிரான உறுதிமொழி எடுக்கிறீர்கள். பள்ளியை விட்டு நின்றுபோன பையனிடம் யார் பேசுகிறார்கள்? மனமுவந்து சிகிச்சைக்கு வருகிறவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. எங்கள் லைனில் அதைச் சொல்ல இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கூடலூரிலேயே ஊசி மாற்றித் தரவும், தினசரி மாத்திரை கொடுக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். குத்துப்பட்டவருக்கான மருந்தையும் அங்கேயே வையுங்கள். தயவுசெய்து, அடுத்த கைக்குக் குத்துமுன்.

அண்ணிக்கு மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. அன்றைக்கும் கூலி கிடையாது.

பணிவுடன்,
ஒரு தோட்டத் தொழிலாளி