ஊப்ளிக்காரர் தெருவுக்கு ஒரு பலகை வையுங்கள்

பாரிஸ் நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பதினொரு வருடமாக இந்த நகரத்து கேக் கடைகளின் பின்கட்டில் மாவோடு மல்லுக்கட்டுகிறவன் நான். லீவு நாளில் நோத்ரு தாம் பேராலயம் பக்கம் போனால் ஓத்தெல் தியூ மருத்துவமனைச் சுவரோரம் கொஞ்ச நேரம் நிற்பேன். மத்திய காலத்தில் அங்கே ஊப்ளிக்காரர் தெரு என்று ஒன்று இருந்தது. பிறகு அது லிகோர்ன் தெரு என்று பெயர் மாறியது. 19ஆம் நூற்றாண்டில் இந்த மருத்துவமனையைக் கட்டும்போது தெருவே போய்விட்டது. அதைச் சொல்லும் ஒரு பலகை இதுவரை என் கண்ணில் படவில்லை.

ஊப்ளி என்பது அப்பளம்போல மெல்லிய பண்டம். 'காணிக்கை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். தேவாலயப் பூசைக்கு வேண்டிய அப்பத்தைச் சுட்டதும் இதே ஆட்கள்தான். 1270இலேயே இவர்களுக்கென்று தொழில் விதிகள் இருந்தன. நல்ல முட்டைதான் போட வேண்டும், காசு வைத்துத் தாயக்கட்டை உருட்டக் கூடாது, ஊப்ளியை வைத்து உருட்டலாம். குளிர்கால இரவில் கூடையைத் தூக்கிக்கொண்டு கூவிப் போவார்கள். வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு உட்காரவைத்து உருட்டுவார்கள். திருநாள்களில் கோயில் வாசலில் கடை போட்டால் ஒரு கடைக்கும் அடுத்ததற்கும் நாலு மீட்டர் போல இடைவெளி விட வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறு. பின்னால் வந்த விதி ஒன்று, சொந்தமாகக் கடை வைக்க நினைப்பவன் ஒரே நாளில் 500 பெரிய ஊப்ளி, அதே இனத்து வேறு இரண்டு பண்டங்களான 'சுப்ளிகாசியோன்' 300, 'எஸ்தெரெல்' 200 சுட்டுக் காட்ட வேண்டும் என்கிறது. மொத்தம் ஆயிரம்!

பழைய மாதிரியில் செய்த அச்சு ஒன்று என்னிடம் இருக்கிறது. நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டு, இடுக்கி போல மூடும். ஒரு கரண்டி மாவு விட்டு, தணலில் காட்டி, திருப்பி, எடுத்த கையோடு சுருட்ட வேண்டும். நாலு நொடி தாமதித்தால் விறைத்து உடைந்துவிடும். முதல் பத்தில் ஆறு கருகின. நாற்பதாவதில் மணிக்கட்டு விட்டுப்போனது. அப்புறம்தான் அந்த ஆயிரம் எனக்குப் புரிந்தது.

1566இல் இவர்களைக் கேக் செய்வோர் சங்கத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்த வழியில் பார்த்தால் இன்று இந்த ஊரில் மாவு கலக்கும் எங்கள் எல்லோருக்கும் இவர்கள் முன்னோர்.

அரசர்கள் தங்கிய இடத்துக்கெல்லாம் துடுப்பு வடிவத்தில் வரலாற்றுப் பலகை நட்டிருக்கிறீர்கள். மருத்துவமனை வாசலில் இன்னொன்று நடுங்கள். நிறைய எழுத இடமில்லை என்றால் தெருவின் பழைய பெயரும் மூன்று எண்களும் போதும்: 500, 300, 200.

இப்படிக்கு,
ஒரு கேக் கடைத் தொழிலாளி