எங்க அம்மா முட்டியை ஏன் குப்பையில் போட்டீர்கள்?

மூட்டுத் தேய்மானத்தை ஆராயும் டாக்டர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்க அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றினாள். இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, மடியில் சுளகு. நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூளைப் போட்டு உருட்டி, நூலைக் கட்டி முனையை மடக்குகிற வரைக்கும் தலை நிமிராது. கடைக்குப் பீடி கொண்டுபோகிற நேரம் வந்தால்தான் சுவரைப் பிடித்து எழுந்திருப்பாள், அப்போது முட்டியில் 'கடக்' என்று கேட்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் வரும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "வயசாயிட்டுல்லா, ஜவ்வு தேஞ்சிட்டு, இனிமே கீழ உக்காராதீங்க" என்றார்கள். சரி, பீடியை நின்றுகொண்டா சுற்றுவது? எப்படி உட்கார்ந்தீர்கள், எத்தனை மணி நேரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்தத் 'தேய்மானம்' என்கிற சொல்தான் எனக்கு எரிச்சல். அதென்ன துணிசோப்பா? அவர்கள் ஜவ்வு என்று சொன்ன குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை, அதற்குள் இருக்கிற செல்களே நொதிகளைச் சுரந்து தங்களைத் தாங்குகிற கொலாஜன் நாரை அறுக்கின்றன, மூட்டின் உள்சவ்வு அழன்று வீங்குகிறது, அடியிலிருக்கும் எலும்பு தடித்து ஓரத்தில் முள்ளாக வளர்கிறது என்றெல்லாம் கண்டுபிடித்ததே உங்கள் ஆட்கள்தானே.

2019-ல் உலகத்தில் 52.8 கோடிப் பேருக்கு இந்த நோய், பத்தில் ஆறு பேர் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயை நிறுத்துகிற மாத்திரைதான் இன்னும் கிடையாது. பெய்ஜிங்கில் முதியவர்களிடம், இளவயதில் தினம் எத்தனை மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்டு, அதற்கும் முட்டி நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2004-ல் ஆய்வு வந்தது. எங்கள் பக்கம் ஆலங்குளம், கடையம், வீரவநல்லூரில் பீடி சுற்றுகிற திண்ணைகளிலும் பத்தமடையில் பாய் நெய்கிற வீடுகளிலும் அதே மாதிரிக் கேட்கலாமே. இங்கே குத்தவைப்பதில்லை, காலை மடக்கி உட்காருகிறார்கள், அது வேறு கணக்கு, அதனால்தான் தனியாகக் கேட்க வேண்டும்.

அம்மாவின் எக்ஸ்ரேயில் மோசமாக இருந்தது நீட்டிய வலது முட்டி. வலி என்னவோ மடக்கிய இடதில்தான் கூடுதல். இது ஏன் என்று யாராவது பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, வலது முட்டியை அறுவை செய்து செயற்கை மூட்டு வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மா கேட்டாள், "எடுத்த எலும்ப என்ன செஞ்சாவ?" குப்பைக்குப் போயிருந்தது. அப்படி அகற்றிய எலும்பையும் குருத்தையும் சம்மதத்தோடு வாங்கித்தான் உங்களில் பலர் ஆராய்கிறீர்கள் என்று அப்புறம் படித்தபோது வயிறு எரிந்தது.

தை பிறந்ததும் இடது முட்டிக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். வேண்டுமென்றால் முன்னாலேயே வந்து கேளுங்கள். நாற்பது வருஷமும் எப்படி உட்கார்ந்தாள் என்று சுளகை மடியில் வைத்துக் காட்டுவாள். சம்மதத்துக்குக் கைநாட்டு வாங்க மை கொண்டுவர வேண்டாம், பீடி பாஸ் புத்தகத்தில் போட்டுப் பழகிய கையெழுத்து இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளியின் மகள்